பெரியவர் லைனுக்கு வரும்வரை

"லைன்லயே இருங்க சார், பெரியவர் வந்துட்டே இருக்காரு" என்று அந்தப் பெண் சொல்லிப் பதினோரு நிமிடம் ஆயிற்று. வரட்டும். நாற்பத்தைந்து வருடம் காத்திருந்தவனுக்குப் பதினோரு நிமிடம் பெரிசா. செல்போனை ஸ்பீக்கரில் போட்டு ஊறுகாய் ஜாடிமேல் சாய்த்து வைத்திருக்கிறேன், உள்ளேயிருந்து தண்ணீர் கொட்டுகிறது, பம்ப் கம்பெனி இல்லையா, காத்திருப்பவன் காதில் மற்றவர்கள் பாட்டை விடுவார்கள், இவர்கள் இரண்டரை இன்ச் குழாய்த் தண்ணீரை விடுகிறார்கள், எழுபத்தொரு வயதில் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பது என்ன பாடு என்று அதைத் தேர்ந்தெடுத்தவனுக்குத் தெரியாது, நடுநடுவே ஒருத்தி வந்து உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்கிறாள், எவ்வளவு முக்கியம் என்று உனக்குத் தெரியாது அம்மிணி, தெரிந்தால் இப்போதே வைத்துவிடுவாய். மேஜைக்கு அந்தப் பக்கம் சாருலதா சின்ன வெங்காயம் உரிக்கிறாள். வேலை அவளுக்கு, பெரியப்பா நான். வேலை இன்னும் அவளுடையது ஆகவில்லை, நான் என்றைக்குமே அவளுடைய பெரியப்பா ஆனதில்லை. சிங்காநல்லூரில் ஒரு டுட்டோரியல் மாடியில் ஞாயிறுதோறும் கூடுகிறோம், என்னைப் போல ஆணை விரும்பும் ஆண்கள், பெண்ணை விரும்பும் பெண்கள், சாருவைப் போல ஆண்பிள்ளை என்று ஆஸ்பத்திரியில் எழுதிவைக்கப்பட்டுப் பெண்ணாக எழுந்து நிற்பவர்கள், அதில் வீட்டார் கைவிட்டவர்களுக்கு வீட்டார் நான்தான், இதுவரை பதினான்கு பேருக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், ஒருவனுக்குத் தாய்மாமன், ஒருத்திக்குச் சித்தப்பா, உடுமலைப் பையன் ஒருவனுக்கு ஞானத்தகப்பன், அதற்காக ஒரு வாரம் சர்ச்சுக்குப் போய் முட்டி போடக்கூடப் பழகினேன், சாருவின் அப்பா தாராபுரத்தில் மகனே இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறார், ஆகவே இன்றைக்கு நான் பெரியப்பா பொன்னுச்சாமி. இந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம், என் காலத்திலும் இருந்தது, யாரை வேலைக்கு எடுத்தாலும் எல்லாத் தேர்வும் முடிந்தபின் கடைசியாக முதலாளியே அந்த வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் ஒரு வார்த்தை பேசுவார், அந்த வார்த்தை சரியாக இருந்தால்தான் வேலை ஆர்டர். அன்றைக்கு இவரைச் சின்ன முதலாளி என்று கூப்பிட்டோம். இன்றைக்குப் பெரியவராம். எண்பத்து மூன்று வயது. இன்னும் சாகவில்லை, நல்லவேளை, வேறு யாரிடம் நான் பேசுவது.

பேசப்போகிற வாக்கியம் தயார். அதற்கும் என் வயதில் பாதிக்கு மேல் ஆகிறது, முப்பதில் அதில் ஒரு கத்தி இருந்தது, நாற்பதில் ஒரு வக்கீல், ஐம்பதில் அவனுடைய பிள்ளைகுட்டிகளை எல்லாம் இழுத்துச் சாபம் விட்டேன், அறுபதில் சாபம் நீளமாக இருக்கிறதென்று வெட்டினேன், இப்போது மிச்சம் ஒரே வரி, ஏனுங்க முதலாளி, நான் டைம் ஆபீஸ் மகுடீஸ்வரன் பேசறேன், அந்தப் பேப்பர எடுத்துட்டு வந்து இப்ப எம் முன்னால படிங்க பாக்கலாம். அவ்வளவுதான். அந்தப் பக்கம் மூச்சு நிற்க வேண்டும், அந்தச் சத்தம் ஒன்று போதும், அதைக் கேட்டுவிட்டு நான் எழுந்து பாத்ரூம் போவேன். சாரு கத்தியைக் கீழே வைக்காமலே பார்க்கிறாள், நான் உதட்டை அசைத்திருக்க வேண்டும். "பெருசு, ஒத்திகையா." இல்லையே. "இந்தா பாரு, நீ இன்னிக்குப் பொன்னுச்சாமி. மகுடீஸ்வரன் வூட்ல இல்ல, கோயிலுக்குப் போயிருக்காரு." அவன் கோயிலுக்குப் போற ஆளே இல்லியே என்கிறேன். "இன்னிக்குப் போயிருக்காரு. நான் ஆர்டர் வாங்கற வரைக்கும் அங்கயே பொங்கச் சோறு தின்னுட்டு உக்காந்திருப்பாரு." வெங்காயத்தோல் அவள் மடியெல்லாம். ஸ்பீக்கரில் பேச்சு அந்தப் பக்கம் கேட்டுவிடுமோ என்று பயந்து நான் விரலை உதட்டில் வைக்கிறேன், அவள் குரலை இறக்கிக்கொண்டு, "ஒண்ணு கேக்கட்டுமா, அந்த ஆள நீ நெசமாலுமே அறைஞ்சியா" என்கிறாள். ரெண்டு தடவ என்கிறேன். "போன மாசம் சொன்னப்ப ஒரு தடவ." ரெண்டாவது அறை அப்பப்பதான் ஞாபகம் வரும். அவள் சிரிக்கிறாள், இந்தச் சிரிப்புக்காகத்தான் இத்தனை வருடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், நான் கம்பெனியை விட்டு வந்த கதை ஏழு விதமாக ஓடுகிறது, ஒன்றில் அவனை அறைகிறேன், ஒன்றில் கேன்டீன் சாம்பார் அண்டாவை அவன் அம்பாசிடர் காருக்குள் கவிழ்க்கிறேன், ஒன்றில் வருகைப்பதிவேட்டை வார்ப்பு உலை நெருப்பில் எறிந்துவிட்டு ஊருக்கே ஒரு நாள் லீவு வாங்கித் தருகிறேன், மதுரைக்கார ஆட்கள் வந்தால் ஒரு யானையும் சேர்த்துக்கொள்வேன், ஏழிலும் நான்தான் வெளியே நடந்து போகிறேன், கேட் தானாகத் திறக்கிறது. எட்டாவது ஒன்று இருக்கிறது. அதை யாருக்கும் சொன்னதில்லை. தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கிறது, மோட்டாரை யாராவது நிறுத்தினால் என்ன.

வேறு கம்பெனியே இல்லையா இவளுக்கு என்று நினைக்கிறேன், மறுபடி மறுபடி அங்கேயே வந்து முட்டுகிறேன். இருந்தது, டிப்ளமோ முடித்து ஒன்றரை வருடம் அலைந்தாள், பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனி, வாசலிலேயே வானவில் வரைந்திருந்தார்கள், போனதும் ஆரத்தி எடுக்காத குறை, இவளை நடுவில் நிறுத்தி நாற்பது பேர் போட்டோ எடுத்தார்கள், மூன்று மாதம் கழித்து புராஜெக்ட் முடிந்துவிட்டது என்றார்கள், போட்டோ மட்டும் இன்னும் அவர்கள் இணையப் பக்கத்தில் இருக்கிறது, அவள் அதில் இன்னும் வேலை பார்க்கிறாள். இன்னொரு இடத்தில் எல்லாம் சரி, அடையாள அட்டையில் மட்டும் பழைய பெயர்தான் வரும், சர்ட்டிபிகேட்டில் அப்படித்தானே இருக்கிறது என்றார்கள். மூன்றாவது இடத்தில் எந்த பாத்ரூம் என்று முடிவு செய்ய ஒரு கமிட்டி போட்டார்கள், கமிட்டி முடிவு சொல்லும் வரை இவள் தண்ணீர் குடிக்காமல் இருந்து சிறுநீரகத்தில் கல் வந்தது. அதற்கப்புறம் இவள் ஒரு முறை கண்டுபிடித்தாள், கம்பெனி தன்னைப் பற்றி எழுதியிருக்கிற எதையும் படிக்கிறதில்லை, கேட்டுக்கு எதிரே டீக்கடையில் போய் நிற்கிறது, ஷிப்ட் விட்டு வரும் பெண்களிடம் பேச்சுக் கொடுத்து ஒரே ஒரு கேள்வி, போன வருசம் நம்மாட்டம் யாரையாச்சும் எடுத்தாங்களா, அவங்க இன்னும் இருக்காங்களா. இருக்காங்களா என்பதுதான் கேள்வி. இந்தப் பம்ப் கம்பெனி டீக்கடையில் ஒன்பது நாள் டீ குடித்தாள். மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற வைண்டிங் செக்‌ஷனில் ஒரு பெண் இருக்கிறாளாம், சாருவைப் போலவே, வந்து இரண்டு வருடம் ஆயிற்றாம், இப்போது சூப்பர்வைசர், அவள் பெயரைத்தான் எல்லாரும் கூப்பிடுகிறார்களாம், ஒருவன் வேறு மாதிரிக் கூப்பிட்டானாம், இப்போது கம்பெனியை நடத்துகிற பெரியவரின் பேரன் அவனைக் கூப்பிட்டு மூன்று நாள் வீட்டில் உட்காரச் சொன்னானாம். பம்ப் வாங்கற ஜெர்மனிக்காரன் ஆர்டர் குடுக்கும்போது இதையெல்லாம் கேக்கறான், அதான் வெக்கறாங்க என்றேன். "எவன் கேட்டா என்ன பெருசு, வெச்சாங்கள்ல" என்றாள். அவர்கள் கெட்டவர்களாகவே இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியம். எனக்குக் கிடைக்காத நல்ல புத்தி அந்தக் காம்பவுண்டுக்குள் எனக்கப்புறம் வந்து உட்கார்ந்துகொண்டு, இவளுக்குத் தனி லாக்கர் கொடுக்கிறது, நான் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது. இவள் ஆசைப்படுவதும் தப்பில்லை, இருபத்துமூன்று வயது, அறைக்குள் வந்தால் முதலில் எல்லாத் திருகாணியையும் பார்க்கிற கண், என் மிக்ஸியைப் பிரித்து மாட்டி இப்போது அது என் பேச்சைவிடக் குறைவாகத்தான் சத்தம் போடுகிறது, தரச்சோதனைப் பிரிவுக்கு இவளைவிட யார் வேண்டும். ஒரு வரி. நான் என் ஒரு வரியைச் சொன்னால் பொன்னுச்சாமி பொய், கையெழுத்து பொய், ஆர்டர் போச்சு, பத்தாவது நாள் இவள் வேறொரு டீக்கடையில் நிற்பாள். தெரியும். தெரிந்தும் அந்த வரி நாக்கில் பாக்குத்தூள் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எட்டாவது. எனக்கு இருபத்தாறு, முதல் வேலை அது, கையெழுத்தைப் பார்த்து டைம் ஆபீஸில் போட்டார்கள், எழுநூறு பேர் வருவதும் போவதும் என் பேனாவில். பேட்டர்ன் ரூமில் பெலிக்ஸ் இருந்தான், வார்ப்புக்கு மரத்தில் அச்சு செய்கிறவன், ஒண்டிப்புதூர், தேக்குத்தூள் மணக்கும் கழுத்து, அந்தக் கழுத்தைப் பற்றி மேலே நினைக்கக் கூடாது, நினைத்தால் இன்றைக்கு வேலை நடக்காது. மத்தியான மணி அடித்ததும் அந்த ரூமில் அரை மணி நேரம், வறுத்த கடலைப் பொட்டலம் ஒன்று, அவன் மடியில் என் தலை, அவன் உரித்து உரித்து என் வாயில் போடுவான், அவ்வளவுதான், அதற்குமேல் பயம். யார் பார்த்தது என்று நாற்பத்தைந்து வருடமாகத் தெரியாது, வாட்ச்மேனைச் சந்தேகப்பட்டேன், கேன்டீன்காரனை, ஒரு சமயம் ஜன்னலில் உட்காரும் காக்காயைக்கூட. சின்ன முதலாளி ரூமுக்குக் கூப்பிட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன், அறைந்திருந்தால் அந்த ஏழு கதையில் ஒன்றாவது நிஜமாயிருக்கும். "உக்காருங்க மகுடீஸ்வரன்" என்றார், எனக்கு ங்க போட்டது அன்றைக்குத்தான் முதல்தடவை, வெள்ளைத்தாளை நகர்த்தினார், அவருடைய பேனாவையே கொடுத்தார், இந்தக் கம்பெனியில் யாரையும் வெளியே அனுப்பினதா இருக்கக் கூடாது, அவங்கவங்களா போனதாத்தான் இருக்கணும், எழுதுங்க, உடல்நலக் குறைவு காரணமாக. எழுதினேன். என்னால் தொடர்ந்து பணிபுரிய இயலாத நிலையில். எழுதினேன். தாங்கள் என்மீது காட்டிய அன்புக்கு என்றென்றும். என்றென்றும் என்பதில் சுழி போட்டேன், கை தானாகப் போட்டது, அழகாக எழுதிப் பழகிய கைக்கு அசிங்கமாக எழுதத் தெரியவில்லை. அதற்கப்புறம் இன்னொரு தாள் வந்தது. பெலிக்ஸ் வாசல் பக்கம் நின்றுகொண்டிருந்தான், அவனுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும், "அவருக்கும் நீங்களே எழுதிருங்க" என்றார். நான் எழுதினேன். பெலிக்ஸின் உடல்நலக் குறைவை நான் எழுதினேன், மரத்தூண் மாதிரி இருந்தவன், அவன் குனிந்து கையெழுத்துப் போட்டபோது என்ன எழுதியிருக்கு என்று கேட்டான், மெதுவாக, என்னிடம், ஒண்ணுமில்ல போடு என்றேன். போட்டான். பம்பாய் என்றார்கள், அப்புறம் எதுவும் தெரியாது. ஒண்ணுமில்ல போடு. தண்ணீர் கொட்டுகிறது, கொட்டுகிறது, சட்டென்று நிற்கிறது.

"வணக்கமுங்க." அதே குரல். வயதாகியிருக்கிறது, ஓரம் கிழிந்திருக்கிறது, ஆனால் அதே மெத்தென்ற குரல். "ரொம்ப நேரம் காக்க வெச்சுட்டனுங்களா, முட்டி வலிங்க, மாடிப்படி எறங்கறதுக்குள்ள உசுரு போயிருது." பரவாயில்லீங்க என்கிறேன், என் வாயா இது. "புள்ளைக்குப் பெரியப்பனுங்களா. நல்ல பொண்ணுங்க, பேரன் சொன்னான், அளவுகோல வெச்சு நம்ம இன்ஜினீயரையே மடக்கிட்டாளாமா." பொண்ணு என்று வழுக்காமல் சொல்லிவிட்டார், அங்கே ஒரு தடுக்கல் வரும், அதைப் பிடித்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். "ஒண்ணே ஒண்ணுதானுங்க கேக்கறது, வூட்ல எல்லாத்துக்கும் சம்மதந்தானுங்களே, நாளைக்கு யாராச்சும் கேட்டுல வந்து சத்தம் போட்டா அந்தப் புள்ளைக்குத்தான் சங்கட்டம்." எல்லாத்துக்கும் சம்மதமுங்க, செத்துப்போன பாட்டன்கூடக் கனவுல வந்து சரின்னுட்டாரு என்கிறேன், அவர் சிரிக்கிறார், சாரு கண்ணை மூடித் திறக்கிறாள், முடிந்தது, வைத்துவிடலாம், வைத்துவிடு என்று அவள் கை சொல்கிறது. "உங்க கொரல எங்கயோ கேட்டாப்ல இருக்குதுங்களே." ரேடியோவுல பத்து வருசம் தென்னைக்கு உரம் வெக்கறதப் பத்திப் பேசிட்டு இருந்தனுங்க. "அதுதானா" என்கிறார், நம்பிவிட்டார். நம்பினதுதான் பொறுக்கவில்லை. எங்க சொந்தக்காரரு ஒருத்தரு உங்க கம்பெனில இருந்தாருங்க, டைம் ஆபீஸ்ல, மகுடீஸ்வரன்னு. மேஜைக்கு அடியில் என் கால்மேல் ஒரு மிதி விழுகிறது. இப்போது திணறு, இப்போது அந்த மூச்சு. "மகுடீஸ்வரன். ஆமாங்க, முத்து முத்தான எழுத்து. பாவம், ஒடம்புக்கு முடியலைன்னு அவரா எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாருங்க. நான் எவ்வளவோ சொன்னேன், வைத்தியம் பாக்கலாம், இருங்கன்னு." திணறவே இல்லை. பொய்யின் சத்தம் எனக்குத் தெரியும், ஐம்பது வருடம் அதிலேயே புரண்டவன், இது பொய்யின் சத்தம் இல்லை, இந்த மனிதர் அதை நம்புகிறார், தானே சொல்லி எழுதவைத்ததைத் தானே படித்துப் படித்து நம்பிவிட்டார், எவ்வளவோ சொன்னேனாம், என் ஏழு கதைக்கும் சாட்சி கிடையாது, இவருடைய ஒரே கதைக்கு என் கையெழுத்தே சாட்சி, சுழியோடு. என் ஒரு வரி நாக்கில் செத்துக் கிடக்கிறது, எடுத்துவந்து படிங்க என்றால் எடுத்துவந்து படிப்பார், கண் கலங்கப் படிப்பார். அந்த இடத்தில் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, என் வாய் எனக்கு முன்னால் ஓடிவிட்டது, அது எப்போதும் அப்படித்தான். அவரு தவறிட்டாருங்க என்கிறேன்.

சாரு உரித்த வெங்காயம் உருண்டு கீழே போகிறது. "அடடா. எப்பங்க." எப்போது செத்தேன். இது வைகாசி. திங்கட்கிழமை சேர்ந்தால் ஆறு மாதம் அவளைச் சோதனையில் வைத்திருப்பார்கள், ஆனி, ஆடி, ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகைக்குள் நிரந்தரம் ஆகிவிடும், அதற்கப்புறம் அந்தப் பேரன் ஒருவரை வெளியே அனுப்ப வேண்டுமென்றால் ஜெர்மனிக்காரனுக்குக் காரணம் சொல்ல வேண்டும். போன மார்கழிலங்க, தேய்பிறை பஞ்சமி. முதல் தெவசம் வரும்போது இவள் நிரந்தரம், நல்ல நாள் பார்த்துச் செத்திருக்கிறேன். கடேசி நேரத்துல உங்களப் பத்தித்தான் பேசிட்டு இருந்தாருங்க. "என்னையவா." ஆமாங்க, அந்தக் கடுதாசி அவரா எழுதலீங்களாமா, நீங்க சொல்லச் சொல்ல எழுதினதாமா, ஒடம்புக்கு ஒண்ணுமே இல்லையாமா, கூட பெலிக்ஸுன்னு ஒரு மரவேலைக்காரரு, அவருதையும் இவரு கையாலயே எழுத வெச்சீங்களாமா, அவருக்கு எழுத்துகூடத் தெரியாதாமா. திட்டலீங்க, சிரிச்சுட்டேதான் சொன்னாரு. சாரு எழுந்து நிற்கிறாள், என்னைப் பார்க்கிற பார்வையில் கேலி இல்லை, அவளுக்கு அந்த ஏழும் தெரியும், இதுதான் எட்டு என்று இப்போது தெரிந்துவிட்டது, என் பக்கம் வந்து நாற்காலி முதுகைப் பிடித்துக்கொள்கிறாள். உயிரோடிருக்கும் மகுடீஸ்வரன் சொன்னால் கிறுக்கன் என்று போனை வைத்துவிடலாம், செத்தவன் கடைசியாகச் சொல்லிவிட்டுப் போனதை இந்த ஊரில் எந்த முதலாளியாலும் வைத்துவிட முடியாது. "எனக்கு அப்படி ஞாபகம் இல்லீங்களே" என்கிறார். உங்களுக்கு எப்படிங்க இருக்கும். முட்டி வலிக்காரனின் மூச்சு இழுத்து இழுத்து வருகிறது, அப்புறம் தனக்குத்தானே பேசுவதுபோல, "கடலை தின்னுட்டு இருந்தாங்க" என்கிறார். நான் கடலையைச் சொல்லவில்லை. யாருக்கும் சொன்னதில்லை, ஏழில் ஒன்றில்கூட இல்லை. வாட்ச்மேனும் இல்லை, காக்காயும் இல்லை. கதவுச் சந்தில் இவருடைய கண்தான் நின்றிருக்கிறது. நாற்பத்தைந்து வருடம் கழித்து அது திறந்து, நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று எண்பத்து மூன்று வயதில் இப்போதுதான் பார்க்கிறது. "சின்ன வயசு ரெண்டு பேருக்கும்" என்கிறார். ஆமாங்க. "தெவசம் எப்பங்க வருது. நான் வரோணும்." சாரு என் தோளை அழுத்துகிறாள், வேண்டாம் என்றா, வேண்டும் என்றா, இந்தப் பிள்ளையின் கையைப் படிக்க எனக்கு இன்னும் வரவில்லை. வாங்க, அதே பஞ்சமிதானுங்க, வீடு சிங்காநல்லூரு, மேமாடி, பதினெட்டுப் படி, விலாசத்தப் பொண்ணுகிட்டயே குடுத்துடறேன். "வர்றனுங்க, கண்டிப்பா வர்றேன்" என்கிறார், அப்புறம் குரலைத் திரட்டிக்கொண்டு, "பொண்ணு திங்கக்கெழம வரட்டும்ங்க, காலைல எட்டரைக்கு, பேரன்கிட்டச் சொல்லிப்போடறேன்." சாருவிடமிருந்து ஒரு சத்தம் வருகிறது, தும்மலா அழுகையா, வெங்காயம்தான் இருக்கிறதே. "பெருசு," காதோரம் கிசுகிசுக்கிறாள், "மார்கழில அந்த ஆளு வந்தா வாசல்ல யாரு நிப்பா." நான்தான் என்று கையால் நெஞ்சைத் தொட்டுக் காட்டுகிறேன். அவர் இன்னும் வைக்கவில்லை, மூச்சு கேட்கிறது. உடம்பப் பாத்துக்குங்க என்கிறேன், முட்டிக்கு வெந்நி ஒத்தடம் குடுங்க, உப்பக் கொறைங்க, மழைல நனையாதீங்க, டாக்டரு சொல்றதக் கேளுங்க. ஒவ்வொன்றையும் மனதாரச் சொல்கிறேன், இத்தனை வருடத்தில் இன்றைக்குத்தான் இந்த மனிதன் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன், ஏழு மாதமும் நன்றாக இருக்க வேண்டும், கண் தெரிய வேண்டும், காது கேட்க வேண்டும், பதினெட்டுப் படியும் ஏறி வந்து, வாசலில் வாங்க என்று சொல்கிறவனை யாரென்று கண்டுகொள்ளும் அளவுக்குப் புத்தி தெளிவாக இருக்க வேண்டும்.